அதையே வாங்குங்க அண்ணி

சுவரக்காவுக்கு நாத்தனாரைக் கண்டால் ஆகாது. நாத்தனாருக்குச் சுவரக்காவைக் கண்டால் அதைவிட ஆகாது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.

சுவர்களில் படம் வரைகிறவள் என்பதால் அவள் சுவரக்கா. பள்ளிக்கூட வராண்டாவில் ஆகாயவிமானம், நீச்சல்குளத்தில் டால்பின், பல் டாக்டரின் கிளினிக்கில் ஒரு பல்கூட சொத்தையில்லாமல் சிரிக்கும் முதலை, எல்லாம் அவள் கைவேலை. ஏணியில் ஏறிவிட்டால் சாப்பாட்டுக்குக்கூட இறங்க மாட்டாள். வேலையில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி. "இந்த முதலைக்கு எதுக்கும்மா இத்தனை பல்லு?" என்று கேட்ட பல் டாக்டரிடம், "பல்லு ஜாஸ்தியா இருந்தா உங்களுக்குத்தானே சார் நல்லது?" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னவள்.

நாத்தனார் வரைவது கேன்வாஸில். பெரும்பாலும் முகங்கள். அதே வீட்டின் முன்னறையில், வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு, பேனா மாதிரி இருக்கும், காற்றால் கலர் தெளிக்கும் ஒரு ஏர்பிரஷ்ஷைப் பிடித்துக் கன்னத்துக்கு நிழல் போடுவாள். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். தலை பாதி நரைத்த பிறகும் அண்ணனுக்கு அவள் 'பாப்பா'. அந்தப் 'பாப்பா' காதில் விழும்போதெல்லாம் சுவரக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த அண்ணன், அதாவது சுவரக்காவின் புருஷன், லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். இரும்பை எப்படி வேண்டுமானாலும் கடைந்து எடுப்பார். வீட்டில் இந்த இரண்டு பெண்களுக்கு நடுவில் வாயே திறக்க மாட்டார்.

சண்டை ஆரம்பித்தது கல்யாணமான புதிதில். புது மருமகள் கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் முன்னறைச் சுவருக்கு வெள்ளை பூசினாள். அங்கே நாத்தனார் வரைந்து காயவைத்திருந்த ஒரு முகத்தின்மேல் வெள்ளைத் துளிகள் தெறித்துவிட்டன. வேண்டுமென்றே செய்தாள் என்றாள் நாத்தனார். மூடி வைக்காமல் போனது யார் தப்பு என்றாள் சுவரக்கா. அதோடு முடிந்தது பேச்சுவார்த்தை. துளியைச் சுரண்டி எடுத்திருக்கலாம், அடுத்த நாளே ஒரு வாய் சிரித்திருக்கலாம். சிரிப்பார்களா? மானம் போய்விடாதா!

பேசாமல் இருந்தார்கள் என்றால் ஊமையாக இருந்தார்கள் என்று அர்த்தமில்லை. எல்லாம் ஜாடையில் நடந்தது. நாத்தனார் ஜன்னலைப் பார்த்துச் சொல்வாள்: "சில பேருக்கு பிரஷ் கழுவத் தெரியுது, தொட்டியக் கழுவத் தெரியல." சுவரக்கா அடுப்பைப் பார்த்துச் சொல்வாள்: "ஒரு மூக்கு வரைய ஒரு மாசம் எடுத்துக்கறவங்களுக்குத் தொட்டிய நோட்டம் விட நேரம் இருக்கு பாரேன்." சமையலறையிலிருந்து முன்னறைக்கும் முன்னறையிலிருந்து சமையலறைக்கும் இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். புருஷன் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவார். அந்த வீட்டில் மனசில் உள்ளது வெளியே வந்ததெல்லாம் ஜாடையில்தான். முகத்தைப் பார்த்து நேராகப் பேசுவது விருந்தாளிகளுக்கு மட்டும், அதுவும் பாதி பொய்யாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நாத்தனார் ஒன்றை நல்லது என்று சொல்லிவிட்டால் சுவரக்காவுக்கு அது விஷம். நீலத் திரைச்சீலை அழகு என்று அவள் சொன்னதற்காகவே வீடு முழுக்க மஞ்சள் திரை தொங்கியது. மஞ்சள் சுவரக்காவுக்கே பிடிக்காத நிறம்! போன வருஷம் தோளில் வலி வந்தபோது, கடைத்தெரு எலும்பு டாக்டர் கெட்டிக்காரர் என்று நாத்தனார் அண்ணனிடம் சொன்னாள். அவ்வளவுதான், அந்தப் பக்கமே சுவரக்கா தலைவைத்துப் படுக்கவில்லை. வேறு எங்கேயோ போய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, கட்டுப் போட்டுக்கொண்டு, கடைசியில் தோள் இறுகிப்போய்விட்டது. வலதுகையை மார்புக்கு மேலே தூக்க முடியவில்லை. சுவரில் வரைகிறவளுக்கு இதைவிடக் கேடு என்ன வேண்டும்?

விஷயம் வெளியே கசிந்தது. இரண்டு பள்ளிக்கூடங்கள் அவளைக் கேட்காமலே வேறு ஆளைப் பிடித்துக்கொண்டன. "அக்காவுக்குக் கை போயிடுச்சாமே" என்று பெயிண்ட் கடையில் யாரோ பேசியது அவள் காதுக்கே வந்தது. அன்று வீட்டுக்கு வந்து பாத்திரங்களை அவள் போட்ட போட்டில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அந்தச் சமயத்தில்தான் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். மாடியில் நீளமான நடைபாதைச் சுவர் ஒன்று வெறுமனே நின்றது. அதில் நேராகப் படம் வரைவதா, கேன்வாஸ் படங்களை வரிசையாக மாட்டுவதா என்று பெரிய டாக்டருக்குக் குழப்பம். சுவருக்கு யார் என்று விசாரித்திருக்கிறார், சுவரக்கா பேரைச் சொல்லியிருக்கிறார்கள். கேன்வாஸுக்கு யார் என்று விசாரித்திருக்கிறார், நாத்தனார் பேரைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர்கள் என்பது பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? ஆளுக்கொரு மாதிரி காட்டுங்கள், பிடித்ததை எடுத்துக்கொள்கிறோம் என்றார்.

சுவரக்காவுக்கு இந்தச் சுவர் வேண்டும். கை போகவில்லை என்று ஊருக்குக் காட்ட இதைவிட்டால் வேறு இடம் இல்லை. நாத்தனாரிடம் தோற்றால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் குடியிருக்கவும் முடியாது. ஆனால் பிரஷ் பிடிக்க முடியாதே? ஏர்பிரஷ் என்றால் சுவரில் அழுத்தித் தேய்க்க வேண்டாம், எட்டி நின்று முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்துக்கொண்டே அடிக்கலாம். சாரத்தில் பலகையை மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டால் கையைத் தூக்கவே வேண்டாம். இதை அவள் பல நாளாக மனசுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நாத்தனார் கையில் இருக்கும் சாமானைத் தானும் தொடுவதா என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிப்போட்டாள்.

"பாப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன? அவளுக்கு இதெல்லாம் அத்துப்படி" என்றார் புருஷன்.

"அதுக்கு நான் ரெண்டு கையையும் வெட்டிக்கிட்டு உக்காந்துடுவேன்."

"இல்ல, பட்டறையில காத்தடிக்கற பெரிய கம்ப்ரெஸர் சும்மாதானே கெடக்கு. அதையாவது எடுத்துக்கயேன்."

"அது போடற கூச்சலுக்கு ஆஸ்பத்திரியில இருக்கறவங்க எழுந்து ஓடிடுவாங்க. நீங்க சும்மா இருங்க. எனக்கு எது வேணும்னு எனக்குத் தெரியும்."

தெரிந்தும் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது. தனியாகக் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு பலகையில் பழைய பேப்பரை ஒட்டி, ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார். தலையில் சின்னக் கிண்ணம் வைத்தது ஒன்று. ஊசி மெல்லிசு. கண் இமைக்கு ஆகும், சுவருக்கு ஆகாது. "இத வெச்சு என் முதலைக்கு ஒரு பல்லுதான் போட முடியும்" என்று திருப்பிக் கொடுத்தாள். கீழே பாட்டில் தொங்குவது இன்னொன்று. ஒரு தடவை நிரப்பினால் நெடுநேரம் வரும், ஆனால் பிடித்த கொஞ்ச நேரத்தில் தோள் விண்ணென்று தெறித்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் அதையும் வைத்தாள். மூன்றாவதில் கிண்ணம் பக்கவாட்டில் இருந்தது. திருப்பிக்கொள்ளலாம், அண்ணாந்தும் அடிக்கலாம், குனிந்தும் அடிக்கலாம். ஊசி தடிப்பு. பூ மாதிரி லேசு.

"விசைய அமுக்கினா காத்து, பின்னால இழுத்தா கலர். காத்து முதல்ல வரணும்மா, கலர் அப்புறம்" என்றார் கடைக்காரர். அவள் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக இழுத்து அவர் சட்டையில் நீலம் தெளித்தாள். அவர் பாவம், துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டார். அப்புறம் நிதானமாக அமுக்கினாள், இழுத்தாள். பேப்பரில் ஒரு வளைவு விழுந்தது. ஓரம் பனி மாதிரி கரைந்து, நடுவில் அழுத்தமாக, அவள் மனசில் நினைத்த அதே வளைவு. தோள் முணுமுணுக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பெயிண்ட் நெடி" என்றாள்.

அதோடு சேர்ந்த கம்ப்ரெஸர் ஒரு குடத்தின் உயரம்தான். வயிற்றில் சின்ன டேங்க் இருந்ததால் காற்று விட்டு விட்டு வராமல் ஒரே சீராக வந்தது. ஓடுகிறதா இல்லையா என்று கைவைத்துப் பார்க்க வேண்டியிருந்தது, சத்தமே இல்லை. "இத எடுத்து வைங்க. நாளைக்கு வீட்டுக்காரரோட வண்டி கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். பஸ்ஸில் ஆள்காட்டி விரலைத் தொடைமேல் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எவ்வளவு நாளாயிற்று அவள் இப்படிச் சந்தோஷமாக இருந்து!

சாயங்காலம் அடுப்படியில் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பக்கவாட்டுக் கிண்ணம், தடித்த ஊசி, சத்தமில்லாத மெஷின். முன்னறையில் ஏர்பிரஷ்ஷின் சீறல் நின்றது. காதை இங்கே வைத்திருக்கிறாள் என்று சுவரக்காவுக்குத் தெரியும். கேட்கட்டும், வயிறெரியட்டும் என்று குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

அப்போதுதான் அது நடந்தது. நாத்தனார் சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஜன்னலைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்க்கவில்லை. சுவரக்காவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அதையே வாங்குங்க அண்ணி."

புருஷன் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது.

"நீங்க பாத்திருக்கறதுதான் சரி" என்றாள் நாத்தனார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "பட்டறை கம்ப்ரெஸரை மட்டும் தூக்கிட்டுப் போயிடாதீங்க. சத்தம் தாங்காது. எண்ணெயும் தண்ணியும் சேந்து துப்பும். குழந்தைங்க இருக்கற இடம். அந்தச் சின்னதையே வாங்குங்க. கைக்கும் நல்லது."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முன்னறையில் சீறல் மறுபடி தொடங்கியது.

"பாத்தியா?" என்றார் புருஷன். அவர் முகம் தீபாவளி இல்லாமலே பளபளத்தது. "எத்தன வருஷம் கழிச்சு உன் மூஞ்சியப் பாத்துப் பேசிட்டா! நல்ல மனசுதான் அவளுக்கு. நீதான்..."

"வாய மூடுங்க."

சுவரக்கா பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். தேய்க்கத் தேய்க்க மனசு பொங்கியது. இவள் எதற்கு நேராக வந்து பேசுகிறாள்? எனக்கு நல்லது நினைக்கிற மூஞ்சியா அது? சின்ன மெஷின் இவளைப் போல ஜன்னலோரம் உட்கார்ந்து மூக்கு வரைகிறவர்களுக்கு ஆனது. அதை வைத்து நான் சுவர் போட்டால் மாசம் ஆகும். பெரிய டாக்டர் சலித்துப்போவார். இவள் கேன்வாஸைத் தூக்கிக்கொண்டு நேரே போய் மாட்டிவிடுவாள். கைக்கும் நல்லதாம்! என் கையைப் பற்றி இவளுக்கு என்ன கரிசனம்? கடையில் அவ்வளவு லேசாக இருந்த மெஷின், பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் ஏமாற்று வேலையாகிவிட்டது. அந்தப் பேப்பரில் விழுந்த வளைவுகூட இப்போது அவளுக்குக் கொஞ்சம் வெளிறினாற்போல நினைவுக்கு வந்தது.

காலையில் கடைக்காரருக்கு போன் போட்டாள். "அது வேணாம்."

"ஏம்மா, உங்களுக்கு அவ்வளவு பிடிச்சிருந்ததே?"

"பிடிக்கல" என்றாள்.

பட்டறையிலிருந்து பெரிய கம்ப்ரெஸரை நாலு பேர் வண்டியில் ஏற்றினார்கள். இரும்புக்குப் பெயிண்ட் அடிக்கும் பெரிய வாய் ஸ்பிரே கன்னையும் எடுத்துக்கொண்டாள். "நீயே அது கூச்சல் போடும்னியே" என்றார் புருஷன். அவர் கேட்டதில் என்ன தப்பு? ஆனால் அவள் முறைத்த முறைப்பில் அவர் அடுத்த கேள்வியை விழுங்கிக்கொண்டார். அவள் ஒன்றும் முட்டாள் இல்லை. டேங்க்கைப் பட்டறையிலேயே முழுக்க நிரப்பிக்கொண்டாள். அந்தக் காற்றிலேயே மாதிரிப் படத்தை முடித்துவிடலாம், மோட்டார் ஓடவே வேண்டியிராது என்று கணக்குப் போட்டாள்.

ஆஸ்பத்திரி மாடியில் நடைபாதை பளிச்சென்று இருந்தது. ஒரு பக்கம் சுவர், எதிர்ப்பக்கம் வார்டுக் கதவுகள். ஒரு கதவின் அகலத்துக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே நீட்டி, குனிந்து பார்க்கும் ஒட்டகச்சிவிங்கி ஒன்றை இடதுகையால் சாக்பீஸில் கோடு போட்டாள். வார்டிலிருந்து தலையில் கட்டுப் போட்ட ஒரு குழந்தை எட்டிப் பார்த்து, "அது என்ன சாப்பிடும்?" என்று கேட்டது. "கேள்வி கேக்கறவங்களச் சாப்பிடும்" என்றாள். குழந்தை சிரித்துக்கொண்டு ஓடியது. பெரிய டாக்டர் வந்து பார்த்தார். பெரிய நர்ஸும் வந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கும்போல" என்றாள் பெரிய நர்ஸ். அவள் வாயிலிருந்து அது வருவதே பெரிது என்று மற்ற நர்ஸுகள் சொன்னார்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று பிளக்கை மட்டும் மாட்டிவிட்டு அடிக்கத் தொடங்கினாள். கழுத்து வந்தது, புள்ளிகள் வந்தன. அந்தப் பெரிய வாய் காற்றைக் குடித்த குடி அவள் கணக்கில் இல்லை. கண்ணுக்கு வரும்போது, டேங்க் காலியாகி, மோட்டார் தானாகவே கிளம்பியது.

தடதடதடவென்று அந்த நடைபாதை முழுவதும் அதிர்ந்தது. முதலில் ஒரு குழந்தை அலறியது. அடுத்தது. அதற்கடுத்த வார்டிலிருந்து இன்னொன்று. சுவரக்கா திடுக்கிட்டு அணைக்கத் திரும்பினாள், தோளில் கத்தி பாய்ந்தது, விசையைப் பிடித்த விரல் விலகவில்லை. ஒட்டகச்சிவிங்கியின் முகத்தில் ஒரு வாளிப் பழுப்பு அப்பிக்கொண்டது. அதில் எண்ணெய்த் துளிகள் வேறு பொட்டுப் பொட்டாக விழித்தன. பிளக்கைப் பிடுங்கி மெஷினை நிறுத்துவதற்குள் கதவெல்லாம் திறந்துகொண்டன. தோளில் குழந்தையோடு ஒரு அம்மா அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"உனக்கு அறிவிருக்கா? ஆபரேஷன் முடிஞ்ச புள்ள. ராத்திரியெல்லாம் அழுது இப்பத்தான் கண்ண மூடிச்சு. படம் வரையற மூஞ்சியப் பாரு!"

யாருக்கும் எப்போதும் பதில் வைத்திருக்கும் சுவரக்கா அந்தக் குழந்தையின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது.

"இதத் தூக்கிட்டுக் கிளம்புங்க" என்றாள் பெரிய நர்ஸ்.

"மெஷின் வேணாம்மா. பிரஷ்லயே போட்டுடறேன். சத்தமே வராது."

"எங்க, கையத் தூக்குங்க பாப்போம்."

தூக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். மார்போடு நின்றுவிட்டது. பெரிய நர்ஸ் எத்தனை தோள்களைப் பார்த்தவள்! கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "போய் வைத்தியம் பாருங்க" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சுவருக்கு மறுபடி வெள்ளை அடித்துவிட்டார்கள். கேன்வாஸ் படங்களே போதும் என்று பெரிய டாக்டரிடமிருந்து தகவல் வந்தது. சத்தம் கிடையாது, நெடி கிடையாது, ஆணியடித்தால் முடிந்தது.

படங்கள் போகிற நாளன்று வாசலில் வண்டி நின்றது. துணி சுற்றிய கேன்வாஸ்களைப் புருஷன் ஒவ்வொன்றாக ஏற்றிக் கயிறு கட்டினார். சுவரக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போயிருக்கலாம். ஓடி ஒளிந்தாள் என்று ஆகிவிடுமே, அதனால் நின்றாள்.

"பாப்பா அன்னைக்கே தலபாடா அடிச்சுக்கிட்டா" என்றார் புருஷன், முடிச்சைப் போட்டுக்கொண்டே. அவருக்கு எப்போது எதைச் சொல்வது என்று எந்தக் காலத்தில் தெரிந்தது? "அந்தச் சின்னதையே வாங்குங்கன்னு. நான் சாட்சி. கேட்டியா நீ?"

"விடுண்ணா" என்றாள் நாத்தனார். "பாவம், அண்ணிக்கு ஏற்கெனவே மனசு சரியில்ல."

டிரைவர் பின்கதவு மூடவில்லை என்று கூப்பிட்டான். புருஷன் வண்டிக்குப் பின்னால் போனார். வாசலில் இரண்டு பெண்களும் மட்டும். நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டாள். நிமிர்ந்து, மறுபடியும் அதே மாதிரி, நேராக முகத்தைப் பார்த்தாள்.

"நான் சொல்லாம இருந்திருந்தா வாங்கியிருப்பீங்க, இல்ல அண்ணி?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், படி இறங்கிப் போய் வண்டியின் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

சுவரக்காவுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு புரிந்தது. பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை பாவி. அத்தனையும் உண்மை, அண்ணனைச் சாட்சி வைத்துக்கொண்டு சொன்ன உண்மை. யாரிடம் போய் முறையிடுவாள்? எனக்கு நல்லது சொல்லி என்னைக் கெடுத்துவிட்டாள் என்றால் கைகொட்டிச் சிரிக்க மாட்டார்களா? இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்த மனுஷனுக்குத் தெரியாத அவளை, அந்த முன்னறைக்காரி அணு அணுவாகத் தெரிந்து வைத்திருந்தாள்.

வண்டி கிளம்பியது. புருஷன் கையைத் தட்டிக்கொண்டு படியேறி வந்தார்.

"உன்கிட்ட ஏதோ பேசினாளே, என்ன சொன்னா?"

சுவரக்கா தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லதுதான் சொன்னா" என்றாள்.